வேலை வாங்கும் செடி

மதினி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாம். போன பிறகு வெறுங்கையோடு இருக்க முடியாது.

எட்டயபுரம் ரோட்டில், ஊர் முடிந்துவிட்டதா இல்லையா என்று பஸ் கண்டக்டர்களே குழம்பும் இடத்தில் எங்கள் தெரு இருக்கிறது. அங்கே நான் குடிவந்த மறுநாள், பக்கத்து வீட்டில் முகம் காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். "வாங்க தம்பி, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டிய கை, அப்படியே திரும்பி ஒரு தேங்காய் மூடியையும் துருவியையும் நீட்டியது. நான் யார், எந்த ஊர், என்ன உத்தியோகம் என்று அவர் விசாரித்து முடித்தபோது இரண்டு மூடி முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் சட்டையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவை என் மனைவி பார்த்தாள். "நம்ம வீட்டுல ஒரு நாளாவது துருவினது உண்டா?" என்று மட்டும் கேட்டாள். அக்கம்பக்கத்தாரோடு சுமுகமாக இருப்பதற்குச் சொந்த வீட்டில் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

அவருடைய கணவர் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்தார். அவரை நான் அண்ணாச்சி என்று அழைத்ததால் இவர் எனக்கு மதினியானார். ஊரில் மற்றவர்களுக்கு அவர் 'கம்பெனி அம்மா'. அவருடைய பெயரைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. அழைத்திருந்தால், அழைத்தவருக்கு உடனே ஒரு வேலை கிடைத்திருக்கும்.

ஒரு ஆள் சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. ரத்த அழுத்தம் பார்க்க வந்த டாக்டர், ஸ்டூலில் ஏறி டியூப் லைட்டின் ஸ்டார்ட்டரைத் திருகிவிட்டுப் போனார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தம்பதி, பத்திரிகையைத் தட்டில் வைத்த கையோடு அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளறையில் வைத்தார்கள். ஒரு தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரின் ஆட்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். அவர் தோற்றுப்போனார். ஆனால் வாக்குறுதி கொடுக்காமலே எங்கள் தெருவில் ஒரு வேலையை முடித்துக் கொடுத்த ஒரே வேட்பாளர் அவர்தான்.

அண்ணாச்சி இறந்தபோது துட்டி கேட்கப் போனேன். கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். மதினி உள்ளேயிருந்து ஒரு கூடை சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "சமையல்காரன் ஒத்தையில கெடந்து உரிக்கான். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க." அதற்குப் பிறகு யார் எதற்காக அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்து உரித்தார். எல்லோரையும்விட அதிகமாக உரித்தவர் அவர்தான் என்பதை மட்டும் நான் கவனித்தேன்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் அடுத்தவர் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது என் தொழில். மாலையில் புத்தகம் படித்து என் அறிவைக் கூட்டிக் காட்டுவது என் பொழுதுபோக்கு. இரண்டிலும் பெரிதாகத் தேறவில்லை.

அண்ணாச்சிக்குப் பிறகு கம்பெனியை மதினிதான் நடத்தினார். குச்சி அடுக்க, பெட்டி அடைக்க, லேபிள் ஒட்ட என்று கொட்டகை நிறையப் பெண்கள் இருந்தார்கள். பிறகு மகன் வந்தான். நல்ல பையன். இன்ஜினியரிங் படித்தான் என்பதைத் தவிர அவன்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கொட்டகையில் மெஷின் வந்தது. இளவயதுப் பெண்கள் வேறு கம்பெனிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் போனார்கள். மூன்று பேரை மட்டும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கண்ணும் கொஞ்சம் மங்கல். மூவரில் மூத்தவர் பேச்சியம்மாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தக் கொட்டகையில் உட்கார்ந்தவர்.

மூவரையும் மதினி வீட்டுக்குக் கூட்டிவந்து கொல்லையில் நிறுத்தினார். நான் அப்போது சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சொந்த வீட்டுத் துணிதான். தேங்காய் விஷயத்துக்குப் பிறகு வந்த பழக்கம்.

"இவியளை இங்கன வச்சு என்ன செய்யப் போறிய?" என்றான் மகன்.

"தோட்டம் போடப் போறேன்."

"மாசாமாசம் ஏதாவது குடுத்துருவோம்மா. வீட்டுல இருக்கட்டும்."

"சும்மா குடுத்தா நீ வாங்குவியாட்டி?" என்று மதினி பேச்சியம்மாளைக் கேட்டார்.

"நான் என்ன கோயில் வாசல்லயா உக்காந்திருக்கேன்?" என்றார் பேச்சியம்மாள்.

மகன் கொஞ்சம் யோசித்தான். "சரி. தோட்டத்துல வேலை இருக்கிற வரைக்கும் கம்பெனிச் சம்பளம் குடுக்கேன். வேலை இல்லாம மூணு பேரை உக்கார வச்சா மத்தவன் கேப்பான். அன்னைக்கோட நிறுத்திருவேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மதினி. கொல்லையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். வெடித்துக் கிடந்த கரிசல் தரையில் வேலையைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஆனால் செடிகள் சதி செய்தன. முதலில் நட்ட முருங்கை, கம்பை ஊன்றிய கையின் சூடு ஆறுமுன் தளிர்விட்டது. கறிவேப்பிலையை யாரும் கேட்காமலே அது புதராகிவிட்டது. மூன்று பெண்களும் முருங்கை நிழலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் கொல்லைப் பக்கம் வந்து, "முருங்கைக்கு மூணு ஆளாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மதினி என்னிடம் யோசனை கேட்டார். பழச்செடி என்றால் மல்பெரி போடுங்கள் என்றேன். போட்டார். ஒரே மழையில் அது ஆளுயரம் வளர்ந்தது. பழுத்தது. பறவைகள் வந்து தின்றன. சிந்தியதை எறும்பு கூட்டிச் சுத்தம் செய்தது. "ஒங்க செடி ஒரு துரோகி, தம்பி" என்றார் மதினி. மறுவாரம் அதை வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிட்டார். பூமியில் நன்றாகக் காய்த்த குற்றத்துக்காக வெட்டப்பட்ட ஒரே மல்பெரி அதுவாகத்தான் இருக்கும்.

வெட்டிய அன்று சாயங்காலம் சுவரோரம் வந்தார்.

"நீங்க நாலு புத்தகம் படிச்சவிய. ரொம்ப வேலை வாங்குத செடி எது? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று காலைதான் புளூபெர்ரி பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தேன். படித்ததை அன்றைக்கே யார் தலையிலாவது இறக்கிவைக்காவிட்டால் எனக்குச் செரிக்காது.

"புளூபெர்ரின்னு ஒண்ணு இருக்கு மதினி. புதர்ச் செடி. ஆனா நம்ம ஊருக்குச் சரிப்படாது."

"ஏன்?"

"குளிர்ச்சி வேணும்."

"ஓலைத் தட்டி கட்டலாம். அப்புறம்?"

"மண்ணு புளிப்பா இருக்கணும். நம்ம கரிசல்ல பூராவும் சுண்ணாம்புல்லா கெடக்கு."

"சுண்ணாம்புக் கல்லைப் பொறுக்கிருவோம். அப்புறம்?"

"போர் தண்ணி உப்பு. அது ஆகாது. மழைத் தண்ணிதான் ஊத்தணும்."

"சேத்து வச்சு செம்புல ஊத்துவோம். அப்புறம்?"

"வேரு மேலாப்புல ஓடும். மண்வெட்டி படக் கூடாது. களையைக் கையாலதான் எடுக்கணும்."

"கையாலயா?" என்றார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையனுக்குக் குடிப்பழக்கம் இல்லை, சொந்த வீடு இருக்கிறது, மாமியார் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேள்விப்படும் தாய்க்கு முகம் எப்படி மலருமோ அப்படி அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"எல்லாம் செஞ்சாலும் காய்க்குமான்னு சொல்ல முடியாது மதினி" என்றேன் கடைசியாக, மனசாட்சி உறுத்தி.

"எங்க கெடைக்கும்?" என்றார்.

ஆறு செடிகள் கொரியரில் வந்தன. கொண்டுவந்தவர் இரண்டு குழி தோண்டிவிட்டுப் போனார். மீதியைத் தோண்டியது யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தொட்டியில் வேறு மண் போட்டு வைத்தால் சுலபம் என்று சொல்லிப் பார்த்தேன். "அது ஒரு நாள்ல முடிஞ்சிருமே தம்பி" என்று வருத்தப்பட்டார். அதனால் தரையிலேயே நட்டார்கள். குழியில் எடுத்த கரிசலை முறத்தில் பரப்பி, சுண்ணாம்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார் பேச்சியம்மாள். வருஷக்கணக்கில் வளைந்த குச்சியை நல்ல குச்சியிலிருந்து பிரித்த விரல்கள். இன்னொருவர் வெயில் திரும்பத் திரும்ப ஓலைத் தட்டியைத் திருப்பி வைத்தார். மூன்றாமவர் மழைத் தண்ணீர்க் காவல். கம்பெனியிலிருந்து கந்தகம் வந்தது. அதைத் தூவினால் மண் மெல்லப் புளிக்கும் என்று நான்தான் படித்துச் சொன்னேன். கரிசலின் அடியில் இருக்கும் சுண்ணாம்பு அந்தப் புளிப்பை வந்த வேகத்தில் தின்றுவிடும் என்பதையும் சொன்னேன்.

"அப்பம் நெதம் பாக்கணும்" என்றார் மதினி திருப்தியாக.

கந்தகம் வேலை செய்ய மாதக்கணக்காகும் என்பது பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் புளியைக் கரைத்து ஆறு செடிக்கும் ஊற்றிவிட்டார்கள். சாயங்காலம் தெருவுக்குள் நுழையும்போதே ரச வாசனை. யார் வீட்டிலோ விருந்து என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை, ஊரிலுள்ள எறும்புகள் அத்தனையும் அதையே நினைத்துக்கொண்டு வந்திருந்தன.

"ஆரு சொல்லி ஊத்துனிய?" என்று தலையில் கைவைத்தேன்.

"நீங்கதான புளிப்பா இருக்கணும்னிய அண்ணாச்சி? ரசத்துக்கு ஊத்துத பக்குவத்துலதான் ஊத்துனோம். உப்புக்கூடப் போடல" என்றார் பேச்சியம்மாள், நியாயமாக. அவருக்கு நானும் ஒரு அண்ணாச்சிதான்.

மதினி கோபித்துக்கொள்ளவில்லை. எறும்பு விரட்ட ஆள் போட்டார்.

செடிகள் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. அதுதான் அவற்றின் அழகு. பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் கிடக்கும் பணக்காரரைப் போல, படுத்த படுக்கையாக இருந்துகொண்டே சுற்றியிருந்த எல்லோருக்கும் வேலை கொடுத்தன. மகன் எப்போது கொல்லைக்கு வந்தாலும் மூன்று பேரும் குனிந்துதான் இருப்பார்கள். ஒரு சித்திரை வெயிலில் ஒரு செடி உண்மையாகவே காய்ந்துபோனது. மதினி அன்று சாப்பிடவில்லை. செடிக்காக அல்ல. "ஆறும் இப்பிடிப் போயிட்டா இவளுவளை எங்கன அனுப்ப?" என்று என் மனைவியிடம் கேட்டாராம். நான்கு நாளில் அந்த இடத்தில் புதுச் செடி நின்றது. மகன் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. அல்லது, கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கார்த்திகைக்குப் பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, மூலையில் இருந்த செடி பூத்தது. தலைகுனிந்த வெள்ளை மணிகள் போல நாலைந்து பூ. தேனீ வந்து உலுக்கினால்தான் காய் பிடிக்கும், தேனீ இல்லாவிட்டால் கையால் மெல்லத் தட்டலாம் என்று விளக்கினேன்.

"கையால தட்டலாம்லா? அப்பம் தேனீ வந்தா வெரட்டிருங்கட்டி" என்றார் மதினி. "கம்பெனிக்கு வந்த மெஷின் மாதிரி, இது இங்கன வந்து ஒங்க வேலையைப் பறிச்சிரும்."

அவர்கள் விரட்டினார்கள். விரலால் தட்டினார்கள். அதில்தான் வினை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, காய்ச்சிருச்சு" என்றார், ஒரு சாவைச் சொல்வதுபோல.

போய்ப் பார்த்தேன். இலைக்கு அடியில் நாலு காய். மூன்று பச்சை. ஒன்று நீலம், மேலே லேசாகச் சாம்பல் பூத்து. கரிசல் மண்ணில் அப்படியொரு நிறத்தை நான் பார்த்ததில்லை. அதைச் சுற்றி நான்கு பெண்கள், வீட்டுக்குள் பாம்பு நுழைந்ததுபோல நின்றார்கள். நல்ல செய்தியை எப்படி மறைப்பது என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் மகன் வந்துவிட்டான். குனிந்து பார்த்தான். போனில் படம் எடுத்தான்.

"பரவாயில்லயேம்மா. காய்ச்சிட்டுல்லா, இனி கவலை இல்ல. தொட்டிக்கு மாத்தி, வலை கட்டி, சொட்டுநீர் போட்டுட்டா அதுபாட்டுக்குக் காய்க்கும். வீடியோ பாத்தேன். ஆளே வேண்டாம்."

ஓலைத் தட்டியைப் பிடித்திருந்த பெண் அதைத் திருப்ப மறந்து நின்றார். பேச்சியம்மாளின் விரல்கள் மட்டும் முந்தானை நுனியில், இல்லாத குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தன.

"என்ன சித்தப்பா, நான் சொல்லுதது சரிதானா?" மகன் என் பக்கம் திரும்பினான். "அம்மா எதையாவது சொல்லுவாவ. நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டிய."

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவனைப் பற்றி இப்படி ஒரு அபிப்பிராயம் ஊரில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மதினியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து, என் கையில் அவர் எதுவும் கொடுக்காத நாள் அது ஒன்றுதான். எனக்கு அது பயமாக இருந்தது.

அவன் சொன்னது சரிதான். நானும் அதே வீடியோவைப் பார்த்திருந்தேன்.

"சொட்டுநீர் போடலாம்" என்று ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா அது செடி பழகுனதுக்கு அப்புறம். மொதல் வருஷங்கள்ல பூவே விடக் கூடாது. ஒவ்வொரு பூவா கிள்ளி எடுக்கணும். அப்பதான் சத்து வேருக்குப் போகும். இல்லன்னா நாலு காய் காய்ச்சிட்டு செடி படுத்துரும்."

இது உண்மை. புத்தகத்திலேயே இருக்கிறது. உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்றலாம் என்பது எங்கள் ஆபீசில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பது.

"அப்பம் பூவைத் தட்டச் சொன்னது ஆரு?" என்றான் மகன்.

"நான்தான். அது டிரெயினிங்."

"எத்தனை வருஷம் கிள்ளணும்?"

"அது செடியைப் பொறுத்தது. மண்ணைப் பொறுத்தது. மழையைப் பொறுத்தது. கரிசல்ல இதுவரைக்கும் ஆரும் வச்சதில்லங்கதால..." அதன் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. வேரைப் பற்றிப் பேசினேன். காற்றைப் பற்றிப் பேசினேன். முடிவே இல்லாமல் பேசுகிறேன் என்று என் மனைவி வருஷக்கணக்காகச் சொல்லிவந்த குறை, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தகுதியானது. கடைசியில் மகன் கையைத் தூக்கினான்.

"போதும் சித்தப்பா. கிள்ளட்டும்."

மதினி குனிந்து அந்த நீலக் காயைப் பறித்தார். நகத்தால் நாலாகப் பிய்த்து மூன்று பெண்களுக்கும் கொடுத்துவிட்டு, ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நான் கையை நீட்டியபடி நின்றேன்.

"சும்மா பேசிக்கிட்டு நின்னவியளுக்குக் கெடையாது" என்றார்.

"எப்பிடி இருக்கு?" என்றேன்.

"புளிப்பு" என்றார் பேச்சியம்மாள். "புளி ஊத்துனது வீண் போகல, அண்ணாச்சி."

மகன் என்னோடு வாசல்வரை வந்தான். பைக்கில் உட்கார்ந்தவன் கிளம்பவில்லை. பைக்கின் பக்கக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சித்தப்பா, பூக் கிள்ளுததுக்கு மூணு பேர் பத்துமா?"

"ஏம்ப்பா?"

"பேக்கிங்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காவ. வார மாசம் அதுக்கும் மெஷின் வந்துருது." கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் கேட்டேன்னு அம்மாட்ட சொல்லிராதீங்க. நீங்களா சொல்லுத மாதிரி சொல்லுங்க. இதைவிட மோசமா ஏதாச்சும் இருக்கா?"

இந்த முறை நிஜமாகவே யோசித்தேன்.

"ராஸ்பெர்ரின்னு ஒண்ணு இருக்கு. உடம்பு பூரா முள்ளு. குளிர்ல வளருதது. நம்ம வெயிலுக்கு வரவே வராது."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"பத்துச் செடி சொல்லிருங்க" என்று பைக்கைக் கிளப்பினான்.